எழுபத்தஞ்சுக்குக் கீழே

சாப்பாட்டுக் கூடாரத்தில் அன்று சாயங்காலம் இருந்தவர்கள்: எங்கள் ஆபீஸில் டீம் லீடராக இருக்கும் பொண்ணு, வேலூர்க்காரி. டெஸ்டிங் பார்க்கும் பொண்ணு, மைசூர்க்காரி. இமயமலைக்குக் கூட்டிப்போன வழிகாட்டி. அவருக்குத் துணையாக இன்னொரு வழிகாட்டி. சமையல்காரர். கடைசியாக நான். அதே ஆபீஸில் பேன்ட்ரியில் காபி போடுகிறவள். வீடு பெங்களூர் மர்பி டவுன்.

மூணாவதாக வரவேண்டிய பொண்ணு ஸ்கூட்டரில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். கட்டின பணம் திரும்ப வராதாம், ஆளை மாத்திக்கலாமாம். "அக்கா, நீங்க வாங்க. தினம் தண்ணி கேன் தூக்கிட்டு மாடி ஏறுறீங்க, இது என்ன பெரிசு" என்றாள் டீம் லீடர். சரி என்றேன். வடக்கே அதுவரை நான் போனது எங்கள் ஊர் ஏர்போர்ட் பக்கம், தேவனஹள்ளி வரைக்கும்தான்.

நாலு நாள் நடந்தோம். அடுத்த நாள் கணவாயைத் தாண்டணும். தினமும் வழிகாட்டி விரலில் ஒரு கிளிப் மாட்டி, வரும் நம்பரை நோட்டில் எழுதுவார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டுமாம். அந்த கேம்பில் எழுபத்தஞ்சுக்குக் கீழே வந்தால் மேலே போகக்கூடாது, இறங்கணும். ஒருத்தர் இறங்கினால் ஒரு வழிகாட்டி கூடப் போகணும். ஒரே வழிகாட்டியோடு மத்தவங்க தாண்டக்கூடாது. நான் இறங்கினால் எல்லாரும் இறங்கணும்.

டீம் லீடருக்கு எண்பத்தாறு. டெஸ்டிங் பொண்ணுக்கு எண்பத்தெட்டு. எனக்கு அறுபத்தெட்டு.

முந்தின நாட்களிலும் எனக்குக் கம்மிதான். குளிரில் கை விறைச்சிருக்கு என்று விட்டிருந்தார். இப்போது கிளவுஸோடு கையைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினார். அறுபத்தாறு.

அவர் பேசியது இந்தி. நான் பேசியது எங்கள் ஏரியா உருது. எப்படியோ ஓடியது.

"தலை வலிக்குதா?"

அவர் கேட்கிறவரை வலிக்கவில்லை. கேட்டதும் வலிக்கிற மாதிரி இருந்தது.

"தெரியலை" என்றேன்.

"சாப்பிட்டீங்களா?"

சமையல்காரர் முந்திக்கொண்டார். "ஆறு ரொட்டி. அதுக்கு மேல சோறு."

டெஸ்டிங் பொண்ணு சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். நடந்தேன். திரும்பியும் வந்தேன். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆள் நல்லா இருக்கீங்க. நம்பர் நல்லா இல்லை. நான் நம்பரைத்தான் பார்க்கணும். காலையில ஒரு தடவை வெச்சுப் பார்த்து முடிவு பண்றேன்."

அவர் வெளியே போனதும் டீம் லீடர் காதோரம் வந்தாள். "அக்கா, காலையில இருட்டோட வெச்சா என் விரலை நீட்டிடறேன்."

"வேணாம்மா. உன் விரலா ஏறப்போகுது? நான்ல ஏறணும்."

டெஸ்டிங் பொண்ணு "ஏனாகல்ல பிடி அக்கா" என்றாள். ஒண்ணும் ஆகாது விடுங்க என்று, கன்னடத்தில். ஆனால் ஒரு வருஷமாக லீவு சேர்த்து வந்தவள் அவள். முகம் வாடித்தான் இருந்தது.

எனக்கு விளங்கவில்லை. உடம்பு என்னுடையது. எனக்குத் தெரியாதது அந்தக் கிளிப்புக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிற சாமான். பொய்யா சொல்லும்?

காலையில் வெயில் வந்தது. கிளவுஸைக் கழட்டி டீ டம்ளரைப் பிடித்திருந்தேன். வழிகாட்டி கிளிப்போடு வந்தவர் நின்றுவிட்டார்.

"இது என்ன கையில?"

மருதாணி. பத்து நாளைக்கு முன்னால் தங்கச்சி மகள் கல்யாணம். இலையை அரைத்து விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி வைத்தது. நல்லா ஏறட்டும் என்று நகத்துக்கு மேலே கறுப்பு கோனும் பூசிவிட்டார்கள். நகம் தெரியவில்லை, கறுப்புதான்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு நாளா கிளவுஸ் நுனியை விலக்கி, டார்ச் வெளிச்சத்துல மாட்டியிருக்கேன். நான் பார்க்கலை, நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா? நகம் வழியாத்தான் இதுக்கு வெளிச்சம் போகணும்."

"நீங்க கேட்கலையே."

கால் விரலில் வைக்கலாம் என்றார். ஷூவையும் ரெண்டு சாக்ஸையும் கழட்டினேன். அங்கேயும் மருதாணி. சமையல்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

"அப்போ காது."

காதில் தோடு. கல்யாணத்துக்கு மாட்டினதிலிருந்து கழட்டாத தோடு, திருகு அசையவில்லை. டீம் லீடர் திருகினாள், டெஸ்டிங் பொண்ணு திருகினாள். "அக்கா, காதோடயே வந்துடும் போல" என்றாள். சமையல்காரர் ஒரு கரண்டி கடுகெண்ணெய் கொண்டுவந்தார். கழன்றது.

கிளிப் மாட்டினார். எல்லாரும் நம்பரைப் பார்க்கக் குனிந்தார்கள்.

எண்பத்துநாலு.

பொண்ணுங்க ரெண்டு பேரும் கத்தினார்கள். நான் ஷூவை மாட்டினேன். தலை வலிக்கிற மாதிரி இருந்ததே, அது எங்கே போனது என்று தெரியவில்லை.

விடியும்முன் கிளம்பியிருக்கணும், என் நம்பரால் நேரமாகிவிட்டது; ஆனாலும் அன்றைக்கே கிளப்பினார், மறுநாள் பனி கொட்டும் என்று. மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரே மூட்டம். கயிற்றில் கலர் துணி கட்டியிருந்தது.

"இதுதானா?"

"இதுதான்."

எந்தப் பக்கம் வந்தோம், எந்தப் பக்கம் போகணும், எனக்குப் புரியவில்லை. ரெண்டு பக்கமும் வெள்ளை. பொண்ணுங்க கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

வழிகாட்டி கிளிப்பை எடுத்தார். முதலில் விரலில் வைக்கச் சொன்னேன். அறுபத்திரண்டு.

அப்புறம் காதில்.

எண்பத்தொண்ணு.