பதின்மூன்று நிமிடம் மிச்சம்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆடிக்காற்று உப்பளத்துப் புழுதியை வீட்டுக்குள் வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலை. தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் வாடகை வீடு. மாமனாருக்கு நுரையீரல் பழுதாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். நானும் மனைவியும் முறை வைத்துத் தூங்கினோம். முறை வைத்துத் தூங்கும் வீட்டில் யாருமே தூங்குவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாதாந்திர மின்தடை, ஒன்பது மணியிலிருந்து இரண்டு வரை. அதற்காகவே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் வீட்டில் நிற்கும். நடமாடும்போதெல்லாம் என் கால் கட்டைவிரலை அது பதம் பார்க்கும். இன்வெர்ட்டர்தான் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அதுவரை அதில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் ஓடியிருந்தன. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். மிஷின் 230 வோல்ட், 1.5 ஆம்பியர், பெருக்கினால் 345 வாட். பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர், பெருக்கினால் 1800. வகுத்தால் ஐந்து மணி நேரம், பதின்மூன்று நிமிடம். பதின்மூன்று நிமிடம் மிச்சம்! ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அந்தப் பாதி போதும் என்று முடிவுசெய்து, முதல் நாள் மாலையே சிலிண்டரை வாடகைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. இருபதாவது நிமிடம் இன்வெர்ட்டர் 'பீப் பீப்' என்று அலறத் தொடங்கியது. பேட்டரி தீரப்போகிறதாம்.

அடுத்து நான் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு போன் செய்து, நாங்கள் காலி செய்து இரண்டு வருடமான மில்லர்புரம் வீட்டு முகவரியைச் சொன்னேன். மனைவி போனைப் பிடுங்கிச் சரியான முகவரியைச் சொன்னாள். வந்துசேர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பிறகு விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பைப் பார்த்தேன். 98. "மாமா தேறிட்டாரு!" என்று கத்தினேன்.

"அது ஒங்க விரல்ல மாட்டியிருக்கு," என்றாள் மனைவி.

மாமனார் விரலில் மாட்டினால் 91.

பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டினேன். அங்கே இருந்த பெண் துறைமுகத்தில் குளிர்பதனக் கண்டெய்னர்களுக்கு மின் பராமரிப்புப் பார்ப்பவர். இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருந்தார். பாதிக் கண்ணைத் திறந்து, "என்ன அண்ணாச்சி, வீடு தீப்பிடிச்சிட்டா?" என்றார்.

"இல்லம்மா, கணக்கு தப்பிட்டு."

முகம்கூடக் கழுவாமல் மீட்டரோடு வந்தார். என் காலண்டர் தாளைப் பார்த்தார். "இன்வெர்ட்டர் என்ன, சும்மாவா வேல பாக்கும்? அதுக்கும் கொஞ்சம் திங்கக் குடுக்கணும்லா," என்றவர், பேட்டரியைத் தொட்டுத் தொட்டு அளந்தார். "பேட்டரில பன்னெண்டு புள்ளி ரெண்டு நிக்கி. இன்வெர்ட்டருக்குப் பத்து புள்ளி நாலுதான் போய்ச் சேருது. நடுவழில ஒண்ணு புள்ளி எட்டு வோல்ட்ட யாரு முழுங்குதா?"

ஒயரைக் கவ்விப் பிடிக்கும் மீட்டர் 36 ஆம்பியர் காட்டியது. என் கணக்குக்குக் கீழேயே எழுதினார். 1.8-ஐ 36 ஆல் வகுத்தால் 0.05 ஓம் தடை. 1.8-ஐயும் 36-ஐயும் பெருக்கினால் 65 வாட். "ஒரு குண்டு பல்பு உள்ள எரியுது அண்ணாச்சி. தொட்டுப் பாருங்க."

ஒயரும் பேட்டரியும் சேரும் இடத்தைத் தொட்டேன். சுட்டது. மூடியைத் தூக்கினால் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்துக் கிடந்தது.

"ஏன் சன்னலுக்குக் கீழ வச்சீய?"

"காத்தோட்டமா வைக்கச் சொன்னாங்கம்மா."

"உப்புக் காத்துக்கா ஓட்டம் விடுவீய? ஃபேன் கொஞ்சமா இழுக்கும், அதுல தெரியாது. இது முப்பத்தாறுல்லா."

சுத்தம் செய்யலாம் என்றார். ஆனால் மிஷினை நிறுத்த வேண்டும். நாலு நிமிடம். நிறுத்தாவிட்டால் தானாகவே நிற்கப்போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிஷின் சுவிட்ச் மேல் விரலை வைத்து நின்றேன். கட்டிலிலிருந்து மாமனார் கையைத் தூக்கினார்.

"மாப்ளே… நீரு மொதல்ல… மூச்சு விடும்."

நிறுத்தினோம். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அந்த வீடு அமைதியானது. அந்த அமைதியைப்போல் ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வெந்நீர் ஊற்றினார், துடைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார், ஸ்பேனரால் முறுக்கினார். மனைவி எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எண்பத்தெட்டு. எண்பத்தஞ்சு. எண்பத்துமூணு. அதற்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மிஷின் உறுமியது. பீப் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அளவு 92. பார்த்துவிட்டு, நிலைமை சரிதான் என்றார்கள். "மூணு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள அந்தச் சிலிண்டர எடுத்துட்டு வாங்க," என்றார் அந்தப் பெண். "எனக்கு ரெண்டு மணிக்குத்தான் ஃபேன் ஓடும். அப்பவாவது தட்டாதீய." பத்தரைக்கெல்லாம் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். இறக்கும்போது வழக்கம்போல் அது என் கட்டைவிரலில் இடித்தது. விரலை விட்டுவிட்டுச் சிலிண்டரைத் தடவிக் கொடுத்தேன்.

மாமா போன தை மாதம் தூக்கத்தில் போய்விட்டார், கரண்ட் இருக்கும்போதே. மிஷினைத் தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் மாதாந்திர மின்தடை அன்று, காரணமே இல்லாமல், என் கை அந்தப் பேட்டரி முனையைத் தொட்டுப் பார்க்கிறது. காகிதத்தில் பெருக்கி வகுத்தவன் விட்ட இரண்டு விரல்கடை இடத்தில்தான் ஒரு மனிதரின் மூச்சு மாட்டிக்கொண்டிருந்தது என்பதை அந்தக் கை இன்னும் மறக்கவில்லை.