ஆடி மாதத்துக் கிறிஸ்மஸ்

எங்கள் ஹோட்டலின் சாமான் அறையில், பழைய மெத்தைகளுக்குப் பின்னால், ஏழு அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. கார்த்திகை பிறந்ததும் அவற்றை இறக்கித் தூசி தட்டுவது என் வேலை. உள்ளே இருப்பவை எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய கிறிஸ்மஸ் விளம்பரங்கள். எந்தக் காலத்திலோ எந்த நாட்டுச் சஞ்சிகையிலோ வந்த பக்கங்கள். சிவப்புச் சட்டைத் தாடிக்காரர் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு கண் சிமிட்டுகிறார். முத்துமாலை போட்ட ஒரு பெண் புதுக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துப் பூரித்து நிற்கிறாள். பிஸ்கட் டின், சவர்க்காரம், சிகரெட், கம்பளிச் சட்டை, எதுவானாலும் மேலே ஒரு சிவப்பு ரிப்பன், கீழே கொஞ்சம் பனி. நுவரெலியாவில் தை மாதக் காலையில் புல் வெளுத்துக் கிடக்குமே, அந்தப் பனி இல்லை. முழங்கால்வரை குவிந்து கிடக்கிற பனி. அதை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பழைய துரை பங்களாவை நீட்டிக் கட்டிய ஹோட்டல் இது. மார்கழி முழுக்க அந்தப் படங்கள் நடைபாதைச் சுவரில் தொங்கும். வருகிறவர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பெருமூச்சு விடுவார்கள். அந்தக் காலம் எவ்வளவு அழகு என்பார்கள். கொழும்பிலிருந்து வரும் குடும்பங்கள் தாடிக்காரரோடு செல்ஃபி எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது அவித்த மரவள்ளிக்கிழங்கும் மாவுக்கு நின்ற வரிசையும்தான். ஆனால் அதை யாரிடம் சொல்வது, சொல்லி என்ன ஆகப்போகிறது? இருபத்தாறு வருடமாக இங்கே அறைகளைச் சுத்தம் செய்கிறேன். கடைசி ஆறு வருடமாக மேற்பார்வையாளர். பதவிப் பெயர் நீண்டிருக்கிறது, முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

இந்த வருடம் எட்டாவது பெட்டி ஒன்று வந்தது. புதிதாக வந்திருக்கும் மேனேஜர் தம்பி இன்டர்நெட்டில் தேடி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. நல்ல பையன், சிங்களத்தில் மரியாதையாக அக்கா என்றுதான் கூப்பிடுவார். "இலங்கைத் தேயிலை விளம்பரங்கள் அக்கா, ரொம்ப அரிது, கவனம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது சட்டத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேயிலைச் செடிகளின் மேலெல்லாம் வெள்ளைப் பனி. நடுவில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண் முழங்காலிட்டுச் சிரிக்கிறாள். அவள் முன்னால் கூடை, கூடை நிறைய ரிப்பன் கட்டிய தேயிலைப் பொட்டலங்கள். அவளுடைய இடது கை கூடைக்குள் இருந்தது. இடது புருவத்தின் நடுவில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு முடி முளைக்காமல் போன சின்ன வெட்டு. அந்த வெட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா.

எனக்கு அப்போது எட்டு வயது. வட்டவளைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஆடி மாதம் என்றால் சூரியனையே மறந்துவிடலாம். அப்படிப்பட்ட ஓர் ஆடியில் இரண்டு ஜீப் வந்து நின்றது. ஒரு வெள்ளைக்காரரும் கொழும்பு ஆட்கள் சிலரும் இறங்கினார்கள். வெள்ளைக்காரரின் கழுத்தில் இரண்டு கேமரா. கிறிஸ்மஸுக்குப் படம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று மலை வேலைகளைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அறிவித்ததும் பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஆடி மாசத்துல ஏதுங்கய்யா கிறிஸ்மஸ்?" என்று கேட்டது பெரியம்மாதான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கேமராக்காரத் துரை அவளை நோக்கி விரலை நீட்டியிருக்க வேண்டும்.

அவர்கள் மூட்டை மூட்டையாகப் பஞ்சு கொண்டுவந்திருந்தார்கள். ரோட்டோரத்துச் செடிகளில் பிய்த்துப் பிய்த்துப் போட்டார்கள். எல்லாம் நனைந்து இலையோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் கொழுந்தோடு பஞ்சும் வர, கங்காணி நிறுவையில் நின்று கத்திக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஆனால் எல்லாருக்கும் திருவிழாதான். பெரியம்மாவின் பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். தலைப்பிள்ளை, பையன். பால் கொடுக்கிற நேரம் என்று வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு அவள் ஓடி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரர் பிள்ளையைப் பார்த்ததும் கைகளைத் தட்டினார். கூடையைக் கீழே வைத்து, உள்ளே அவள் மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளியை மடித்துப் போட்டு, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தச் சொன்னார். கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை என்று பெரியம்மா இடது கையால் தலையைத் தாங்கிக்கொண்டாள். கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் எடுக்கவில்லை. சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தூறல் விடவே இல்லை. குடை பிடித்து, குடையை விலக்கி, மறுபடி பிடித்து, பகல் சாப்பாட்டு நேரம்வரை இழுத்தது. போகும்போது ஒரு டின் டொபி மிட்டாய் கொடுத்தார்கள். படம் கிறிஸ்மஸுக்கு வந்துவிடும், புத்தகத்தோடு ஒரு பிரதி அனுப்புவார்கள் என்று கண்டாக்கு ஐயா மொழிபெயர்த்துச் சொன்னார்.

புரட்டாசியில் பிள்ளை போய்விட்டது. நெஞ்சில் சளி. அந்த மாதம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மட்டும் நாலு பிள்ளைகளுக்கு இருமல். வயிற்றில் ஒன்றும் இல்லாத காலம் அது, வந்த நோய் எதுவும் சும்மா போகவில்லை. மழையில் கிடத்தியதால்தான் என்று அம்மா ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பெரியம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மா சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பல் முளைக்காத பிள்ளைக்கு எங்களிடம் கருமாதி கிடையாது, வருடாந்தரப் படையலும் கிடையாது. தேயிலைக்குள் ஓர் இடத்தில் புதைத்தார்கள். அடுத்த வருடம் அந்த மலையில் புதுச் செடி வைத்தபோது அந்த இடமும் போயிற்று. அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பெரியம்மா பிறகு அதைச் சொன்னதே இல்லை, அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தப் படம்தான். அதாவது, வரப்போகிற படம். மார்கழி பிறந்ததும் பெரியம்மா ஆபீஸ் வாசலுக்குப் போக ஆரம்பிப்பாள். "படம் வந்துச்சாங்கய்யா?" என்று கேட்பாள். தபால் பையைத் திறக்கிறவர் முதல் வருடம் இரக்கமாகப் பதில் சொன்னார். மூன்றாவது வருடம் அவளைத் தூரத்தில் கண்டதுமே கையை விரித்துக் காட்டினார். சாமி கும்பிடுகிற ஒருத்தி தீபாவளியை விட்டுவிட்டுக் கிறிஸ்மஸை எண்ணிக்கொண்டிருந்தால் லயத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கிறிஸ்மஸ்காரி என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்தில் இருந்த இரண்டு வேதக்காரக் குடும்பங்களும் அந்தப் பெயரைக் கேட்டே அவளுக்குக் கேக் கொடுத்தனுப்பும். அவள் வாங்கி எங்களுக்குப் பிட்டுக் கொடுப்பாள். வாய்நிறையத் தின்ற எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தின்படி தோட்டத்து ஆட்கள் இந்தியாவுக்குப் போகிற காலம் வந்தது. பெரியப்பாவின் அண்ணன் குடும்பம் ரயில் ஏறியது. பெரியப்பாவுக்கும் புறப்படச் சொல்லிக் கடுதாசி வந்தது. பெரியம்மா மாட்டேன் என்றாள். "அங்க நம்மள யாருக்குத் தெரியும்? இங்க செத்தாலும் தூக்க நாலு பேர் இருக்காங்க" என்று எல்லாரிடமும் ஒரே காரணத்தைச் சொன்னாள். அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள். "அவ படத்துக்காகத்தான் கெடக்குறா. வந்தா வாங்க ஆள் வேணும்ல." பெரியப்பாவும் போகவில்லை. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வேறு பிள்ளை அவர்களுக்குப் பிறக்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் என் தம்பி வீட்டில்தான் பெரியம்மாவுக்குச் சாப்பாடு. ஆபீஸ் வாசலுக்குப் போவதை எந்த வருடம் நிறுத்தினாள் என்று யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

அந்தப் படம்தான் இப்போது என் மடியில் இருந்தது. படத்தில் பிள்ளை இல்லை. இது வேறொரு படமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பெரியம்மாவின் இடது உள்ளங்கை மேல்நோக்கி, விரல்கள் பாதி மடங்கி, பொட்டலங்களுக்கு நடுவே இருந்தது. பொட்டலத்தை யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். கூடையின் விளிம்பில், ஒரு ரிப்பனுக்குக் கீழே, கறுப்புக் கம்பளியின் முனை விரலகலம் தெரிந்தது. அதை மறைக்க மறந்துவிட்டார்கள். எந்த ஊர் மேசையிலோ ஒருவர் உட்கார்ந்து, தூரிகையை நனைத்து, அவன்மேல் தேயிலைப் பொட்டலங்களை வரைந்திருக்கிறார். அவரும் சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று நினைத்துக்கொண்டு வேலை பார்த்த ஆளாகத்தான் இருக்கும். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். அலுப்புத்தான் வந்தது. ஐம்பது வருடம் ஒருத்தி காத்திருந்தது இதற்கா என்கிற அலுப்பு.

அவளிடம் காட்டுவதா, வேண்டாமா? ஒரு வாரம் படுக்கை விரிப்புகளை எண்ணும்போதும் அதே யோசனை. காட்டாவிட்டால் படம் எப்போதோ வரும் என்று இருந்துவிட்டுப் போவாள். காட்டினால், இரண்டாம் முறை பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி ஆகிவிடாதா? அம்மா இருந்தால் கேட்டிருப்பேன். மேனேஜர் தம்பியிடம் ஒருநாள் படத்தைக் கடன் கேட்டபோது, அது என் பெரியம்மா என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் துள்ளிவிட்டார். பெரியம்மாவைக் கிறிஸ்மஸுக்கு இங்கே கூட்டி வாருங்கள், படத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுப்போம், ஹோட்டலின் ஃபேஸ்புக்கில் போடுவோம், ஒரு பிரதியும் கொடுப்போம் என்றார். அவர் மனதில் கள்ளமில்லை. அவங்களால் நடக்க முடியாது என்று பொய் சொன்னேன். பெரியம்மா இன்றைக்கும் விறகுக்கு மேட்டில் ஏறுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றி பஸ் ஏறினேன். ஹட்டனில் மாறி வட்டவளையில் இறங்கும்வரை சொல்லவேண்டிய பொய்யைப் பழகிக்கொண்டே போனேன். அன்றைக்குப் பிள்ளை இல்லாமலும் ஒரு படம் எடுத்தார்கள், கிடைத்தது அதுதான், மற்றது வேறெங்கோ இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெரியம்மா காம்பரா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்னா பாப்பா, கண்ணாடி ஜன்னலக் கழட்டிட்டு வர்ற மாதிரி வர்ற?" என்றாள். உள்ளே போய்க் கட்டிலில் வைத்துப் பிரித்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பார்வை நன்றாக இருந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து நின்றாள். நான் யார் எவர் என்று எதுவும் சொல்லவில்லை.

"நாந்தான்" என்றாள். முகத்தைக் கண்ணாடிக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோய், "பல்லெல்லாம் இருக்கு பாரு" என்று சிரித்தாள். பிறகு அவள் விரல் கண்ணாடியின்மேல் மெதுவாக இறங்கிக் கூடைக்கு வந்து நின்றது.

"பெரியம்மா, அன்னைக்கு நெறையப் படம் எடுத்தாங்கல்ல, இது புள்ள இல்லாம எடுத்த..." என்று ஆரம்பித்தேன்.

"இல்ல. இந்தா கம்பளி இருக்கே." விரல் அந்த முனையைத் தொட்டது. எனக்கு வெளிச்சமும் நேரமும் தேவைப்பட்டதை அவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். "புள்ளைய எடுத்துட்டு டீத்தூள வெச்சிருக்காங்க."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, தன் இடது கையை நீட்டிப் படத்தில் இருக்கும் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளங்கை மேல்நோக்கி, விரல்கள் பாதி மடங்கி. ஒன்று தோல் மினுங்குகிற கை, மற்றது கறை ஏறி வெடித்த கை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நின்றன.

"தலைய இப்பிடித்தான் தாங்கியிருந்தேன்" என்றாள். "அவங்க எடுத்தாங்க. நான் கைய எடுக்கலயே பாப்பா. இந்தா, படத்துலயே இருக்கு."

எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடிக்கும்போது படத்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன், மேனேஜரிடம் எப்படியாவது பேசிக்கொள்ளலாம் என்றேன். பெரியம்மா தலையாட்டவில்லை. "கொண்டுபோய் மாட்டிரு. இங்க இருந்தா பாத்துக்கிட்டே ஒக்காந்துருவேன், வேல ஓடாது. அங்க நீ இருக்கல்ல?" என்றாள். படுக்கை விரிப்பை அவளே மடித்துச் சுற்றித் தந்தாள்.

இப்போது அது நடைபாதையின் கடைசியில், சாமான் அறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தாடிக்காரருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்காரிக்கும் நல்ல இடங்களைக் கொடுத்துவிட்டு இதை நான் போகிற வருகிற வழியில் வைத்துக்கொண்டேன். மற்றக் கண்ணாடிகளை வாரத்துக்கு ஒருமுறை துடைக்கச் சொல்வேன், இதை நானே தினமும் துடைக்கிறேன். நேற்றுக் காலை வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா அதன் முன்னால் நின்று, எவ்வளவு அழகு என்று பெருமூச்சு விட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, கூடையைக் காட்டி, அதில் என்ன வைத்திருக்கிறாள் என்று கேட்டாள்.

"அவங்க பிள்ளை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த அம்மா குனிந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, பொட்டலங்களுக்கு நடுவே வெகுநேரம் தேடினாள். நான் துணியை நனைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனேன்.