கார் மறக்காத போன்

எங்கள் கார் ஐந்து போன்களைத்தான் நினைவில் வைத்திருக்கும். ஆறாவதைச் சேர்க்க ஒன்றை அழித்தாக வேண்டும். மகள் புதுப் போன் வாங்கிய அன்று காரின் புளூடூத் பட்டியலைத் திறந்தாள். பெயர் தெரியாமல் வெறும் பெட்டி பெட்டியாய் இருந்த ஒரு வரியைக் காட்டி, இதை அழிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், என் பழைய போனை அழி என்றேன். அந்தப் பெட்டிகள் என் நண்பனின் போன். அவன் அதற்குத் தமிழில் பெயர் வைத்திருந்தான். காருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

சிட்னியில் அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் முகாமிலிருந்து வெளியே விட்ட கையோடு அவன் வாங்கிய போன் அது. இருவருக்கும் ஒரே பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலையில் பிளாக்டவுனில் அவனை ஏற்றுவேன். பாட்டு அவன் பொறுப்பு என்பதால் என் போனில் புளூடூத்தை நிறுத்திவிடுவேன். அவன் கதவைத் திறப்பதற்குள், முதல்நாள் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கிவிடும். பாடகரை முந்திக்கொண்டு அபசுரமாய்ப் பாடுவான். சத்தத்தைக் குறை, வாயை மூடு என்று தினமும் திட்டுவேன். அந்த அரைமணி நேரத்தைப்போல் சந்தோஷமாக நான் பிறகு இருந்ததில்லை.

மகள் பெரியவளானபோது செய்த சாமத்தியச் சடங்குக்கு அவன் வரவில்லை. மண்டபத்தில் முன்வரிசையில் அவனுக்கென்று கதிரை பிடித்து வைத்திருந்தேன். ஷிஃப்டை மாற்ற முடியவில்லை என்றான். நிரந்தர விசா கிடைக்காதவன் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லப் பயப்படுவான், அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எனக்குக் கோபம் மூக்கின்மேல். "இனி பஸ்ஸில போ" என்றேன். போனான். பிறகு வேலையையும் மாற்றிக்கொண்டான். அவனுடைய எண்ணை என் போனிலிருந்து அழித்தேன். காரில் இருந்ததை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. நாலு வருஷம் இப்படியே போனது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிளாக்டவுனில் தமிழ்க் கடைக்கு முன்னால் காரை நிறுத்தியிருந்தேன். சாமான் பட்டியல் என் போனில் இருந்ததால் மனைவி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் போன் விலகியதும் கார் வேறொன்றைத் தேடியது. திரையில் பெட்டிகள் வந்தன. ஒரு பாட்டு பாதியிலிருந்து கேட்டது.

புளூடூத் எட்டுவதே பத்து மீற்றர்தான். அவனும் தன் போனில் என் காரை அழிக்காமல் வைத்திருந்தால்தான் இது நடக்கும். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கார் தள்ளி நின்று, கேட்டுக்கொண்டிருந்த பாட்டு ஏன் நின்றதென்று போனைத் தட்டிக்கொண்டிருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது.

கண்ணாடியை இறக்கிச் சத்தத்தைக் கூட்டினேன். நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஜன்னலுக்கு வந்தான்.

"நீ இன்னும் அழிக்கேல்லையா?"

"இல்லை. அண்டைக்குப் பிழை என்னிலதான். ஏறு மச்சான்."

மனைவி சாமான்களோடு வந்தபோது, முன்சீற்றில் அவன் அபசுரமாய்ப் பாடிக்கொண்டிருந்தான். அவள் பின்கதவைத் திறந்து ஏறினாள்.