முள் நாலைத் தொடும் வரை

கியரைச் சீக்கிரம் மாற்றினேன், அதுதான் தப்பு. ஸ்டியரிங் பிடித்துச் சாப்பிட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நம் இடது கை நாம் சொன்னால் கேட்காது. பஸ் முதலாளி சொன்னதைத்தான் கேட்கும்: மேல் கியருக்குப் போ, டீசல் மிச்சம்.

உதறாத வண்டி

எண்பதுகளின் நடுவில் நான் ஓட்டிய உத்திரமேரூர் பஸ், பெர்மிட் தகராறில் ஷெட்டில் நின்றது. சும்மா இருந்தேன். மானாம்பதியில் நிலபுலன் உள்ள குடும்பத்துப் பையன் சேகர், ஜப்பானில் இன்ஜினியர். லீவுக்கு வந்தவன் தன் காரையும் கப்பலில் கொண்டுவந்திருந்தான். சில மாத அனுமதிதான். பிறகு திருப்பி அனுப்பியாக வேண்டும். வந்த வாரமே வரப்பில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. என்னைக் கூப்பிட்டான்.

உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி. இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றுகிறது. போதாததற்கு டர்போ. புகை வெளியேறும் வேகத்தில் ஒரு விசிறி சுற்றி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டரில் முள் நாலைத் தாண்டினால்தான் அதற்கு உயிர் வரும். அதுவரை கியர் மாற்றாமல் பொறுக்க வேண்டும். பஸ்ஸில் நான் முள்ளையா பார்த்தேன்? காலடித் தகடு உதறும், மாற்றுவேன். இது உதறவேயில்லை. முள் இரண்டைத் தொடுமுன் கை மாற்றிவிட்டது.

பக்கத்தில் இருந்த சேகர் சொன்னான்: "டிரைவரே, பின்னால யாரும் நின்னுக்கினு வரல. பயப்படாம மிதிங்க."

கரி

அப்படியே முள் ஏறவிடாமல் ஓட்டினேன். பிளக்கில் கரி ஏறி, ஐயங்கார்குளத்துக் குளக்கரையில் வண்டி நின்றது. காஞ்சிபுரத்திலிருந்து மெக்கானிக் காதர் பாய் வந்தார். பானெட்டைத் திறந்து, எது என்னவென்று பிடிபடாமல் வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வண்டி கிளம்பியது. பானெட்டை மெதுவாக மூடினார்.

"பிளக்கத்தான் தொடச்சேன். மத்தத நான் பாக்கவே இல்ல. எவனாச்சும் கேட்டா, காதர் பாய் வரவே இல்லன்னு சொல்லிடு."

கொள்ளு

நம் பக்கம் அறுத்த கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்புவார்கள். சக்கரம் ஏறினால் காய் உடையும். டிரைவர்கள் நாம் முதல் கியரில் நிதானமாக ஏற்றிக் கொடுப்போம். அது ஒரு மரியாதை. பழக்கத்தில் இந்த வண்டியையும் ஏற்றினேன். தாழ்ந்த வயிறு செடியில் உரசியது. டர்போக் குழாய் நெருப்பாகக் கொதிக்கும் என்ற நினைப்பு வரவில்லை. அடியிலிருந்து புகை. நான் கதவைத் திறப்பதற்குள், செடியைப் பரப்பிக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து அடியில் வீசி ஊற்றினாள். கட்டுக்காலோடு இறங்க முடியாமல் சேகர் உள்ளேயே முழித்துக்கொண்டிருந்தான். புகை அடங்கியது.

அவள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தாள். "அடிக்கத்தான்யா போட்டோம். வறுக்கவா போட்டோம்?"

விசில்

ஒரு நாள் ரோடு காலி. கையைத் தொடையோடு அழுத்திக்கொண்டு மிதித்தேன். முள் மூன்று. மூன்றரை. எங்கோ தூரத்தில் விசில் மாதிரி மெல்லிய சத்தம். முதுகு சீட்டில் ஒட்டியது. இதுதானா என்று நினைத்தேன். நினைத்த நேரத்தில் கை போய் மாற்றிவிட்டது. சத்தம் செத்தது.

அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் அந்த விசில்தான். வண்டி போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். வெட்கத்தை விட்டுச் சேகரிடம் சொன்னேன்.

"எனக்கு மட்டும் ஆச இல்லியா டிரைவரே? கட்டப் பிரிக்கறதுக்குள்ள வண்டி பூடும் போல கீது."

துறைமுகம்

அப்படியே ஆயிற்று. அவன் தாங்கிக்கட்டையோடு விமானம் ஏறினான். வண்டியை மெட்ராஸ் துறைமுகத்தில் விடுவது என் வேலை. என் பெண்சாதி மரகதம், "ஒரு தபா நானும் குந்திப் பாக்கறேன்யா" என்று ஏறிக்கொண்டாள்.

செங்கல்பட்டு தாண்டி நீளமான காலி ரோடு. இரண்டாவது கியரில் மிதித்தேன். வண்டி எம்பியதில் அவள் பயந்துவிட்டாள். பிடித்துக்கொள்ள வேறெதுவும் அகப்படாமல் கியர்க் கட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். வழக்கம்போல என் கை மாற்றப் போனது. அவள் பிடி அசையவில்லை. முள் நாலைத் தொட்டது, தாண்டியது. விசில் எழும்பிற்று. யாரோ முதுகில் கை கொடுத்துத் தள்ளின மாதிரி வண்டி போனது. புளியமரங்கள் ஒட்டிக்கொண்டு ஒரே சுவராக ஓடின. முள் சிவப்புக் கோட்டை நெருங்கவும் மீட்டருக்குள் கீச்சென்று எச்சரிக்கைச் சத்தம். அதில் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். மாற்றினேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "நல்லாத்தானே ஓடுது. இத்தினி நாளா இத்த ஏன்யா அமுக்கிப் புடிச்சிக்கினு இருந்தே?"

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம் பஸ், அதே உதறல். இப்போது வயசாகி வேலையும் இல்லை. பயணியாக ஏறினாலும் டிரைவர் கியருக்குக் கையை நீட்டும்போது, இருடா, இன்னும் கொஞ்சம் இருடா என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்.

ஆயுசு முழுக்க ஓட்டியவன் நான். அந்த வண்டிக்கு ஒரே ஒரு கியரை நேரத்துக்கு மாற்ற வைத்தவள், சைக்கிள்கூட மிதிக்கத் தெரியாத மரகதம்.