வரப்பில் போட்ட கையெழுத்து

பாகூர் ஏரிக்குக் கீழே கலியம்மாளிடம் பொய் சொன்னவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கலியம்மாள் பொய் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. தன் மகனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், பையன் பன்னிரண்டாவது பாஸ் என்று தரகர் அளந்துகொண்டிருந்தபோது, "பத்தாவதே ரெண்டு தபா எழுதனான், பன்னெண்டாவது எங்க போயி பாஸ் பண்ணான்?" என்று சபையில் கேட்டுத் தொலைத்தவள். அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. மகன் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பேசாட்டி போயேன், சோறு திங்காமலா கீற" என்று அவள் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வேலை என்றால் நடவு. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த ஒரு செட்டுக்கு அவள்தான் தலைவி. வயது ஐம்பத்து நாலு. சேற்றில் இறங்கினால் அவள் குரல் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். கட்டிப் போட்ட நாற்று முடியில் ஒன்று குறைந்தாலும் நிலத்துக்காரனை வரப்பில் நிறுத்தி வைத்துக் கேட்பாள். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய், கடவுள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, பொய் சொல்ல வைத்தார்கள். சொல்ல வைத்தது திருடன் இல்லை, ரவுடி இல்லை. கோர்ட்டு.

விஷயம் சாமிநாதனுடைய உயில். கலியம்மாளுக்கு அடுத்த தெருக்காரர் சாமிநாதன். ஒரு ஓட்டு வீடும், வாய்க்காலை ஒட்டி ஒன்றரைக் காணி நஞ்சையும் அவருக்கு. மகன் ராஜேஷ் டவுனில் சொந்தமாக டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். கடை போட்ட மனையே அப்பன் கொடுத்ததுதான். மகள் மகாலட்சுமிக்கு வயது முப்பத்து நாலு, மனசுக்கு ஆறோ ஏழோ. தலை வாரிவிட ஆள் வேண்டும், சோறு ஆறவைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். சாமிநாதனின் தங்கச்சி மகள், புருஷனை இழந்து வந்த கல்பனாதான் பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு அதெல்லாம் செய்தாள். சாமிநாதனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு அவருக்கும் சேர்த்துச் செய்தாள்.

படுக்கையில் விழுவதற்கு முன்பே ஒருநாள், நடவு நடக்கும்போது வரப்பில் வந்து உட்கார்ந்து, சாமிநாதன் கலியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"ராஜேசுக்கு மனையக் குடுத்துட்டன். வூடும் நெலமும் மகாலட்சுமிக்கு. அது இருக்கற வரைக்கும் கல்பனாதான் வெச்சிப் பாத்துக்கணும். உயில் எழுதப் போறன். நீ சாட்சிக் கையெழுத்துப் போடு."

"ஏன்யா, ஊர்ல ஆம்பளையே இல்லையா?"

"உன் வாய்க்குத்தான் எவனும் பயப்படுவான்."

அவர் சொல்லும்போது செட்டில் இருந்த பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். ராஜேஷுக்கும் தெரியும். போனில் அப்பனோடு அவன் போட்ட சண்டையில் பாதித் தெரு வெளியே வந்து நின்றது. ஆகவே சாமிநாதன் மனசில் என்ன இருந்தது என்பது ஊரில் ரகசியமே இல்லை.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு, உயில் எழுதிய அன்றைக்கு நடந்ததுதான் வினை. பத்திரம் எழுதும் புகழேந்தி காலையில் சாமிநாதன் வீட்டுக்கே வந்து எழுதினான். படித்துக் காட்டினான். பெரியவர் ரேகை வைத்தார். ரைஸ் மில் வாட்ச்மேன் பக்கத்தில் இருந்து பார்த்து, முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். கலியம்மாள் அப்போது வாய்க்கால் பக்கம் நட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் வந்திருப்பாள். புகழேந்தி பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டான். காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மொபெட்டில் வரப்பு வரைக்கும் கொண்டு வந்து, "நீ எதுக்குக்கா வேலைய வுட்டுட்டு வரணும், இங்கயே போட்டுடு" என்றான்.

அந்தப் பக்கத்தில் இப்படித்தான் எல்லாரும் செய்கிறார்கள். சாட்சிக்காரன் டீக்கடையில் இருந்தால் காகிதம் டீக்கடைக்குப் போகும், மாட்டுக் கொட்டகையில் இருந்தால் கொட்டகைக்குப் போகும். கலியம்மாள் வாய்க்கால் தண்ணீரில் கையை அலசிவிட்டு, மொபெட் சீட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். சரியாக அலசவில்லை. காகிதத்தின் ஓரத்தில் சேறு ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் வேலை விட்டு நேராகச் சாமிநாதன் வீட்டுக்குப் போனாள். "போட்டியா?" என்று கேட்டார். "போட்டுட்டன்" என்றாள். பெரியவருக்கு நிம்மதி. மகாலட்சுமி கட்டில் ஓரம் உட்கார்ந்து, அப்பாவின் வலது கட்டைவிரலில் இருந்த மையைத் தன் பாவாடையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் கொரோனாவில் வாட்ச்மேன் போனார். அதற்கடுத்த வருஷம் சாமிநாதன் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் ராஜேஷ் கோர்ட்டில் இரண்டு காகிதம் போட்டான். உயில் பொய், சொத்தில் பாதி எனக்கு என்று ஒன்று. தங்கைக்கு அறிவு போதாது, அவளுக்கும் அவள் பாதிக்கும் நான்தான் கார்டியன் என்று இன்னொன்று. ஒரு பாதி அவனுக்கு, மறுபாதிக்கு அவன் காவல். ஆக மொத்தம் முழுசும் அவனுக்கு. மகாலட்சுமியை வில்லியனூர்ப் பக்கம் ஏதோ ஹோமில் சேர்க்கப் போவதாக மனுவிலேயே எழுதியிருந்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தீபாவளிக்குக்கூட அவளுக்கு ஒரு பாவாடை வாங்கிக் கொடுக்காத அண்ணன், 'என் அன்புத் தங்கையின் நலன் கருதி' என்று ஆரம்பித்திருந்தான். ஒருமுறை காரில் கூட்டிப் போக வந்தவனின் கையை அவள் நன்றாகக் கடித்து வைத்தாள். அது மனுவில் இல்லை.

கலியம்மாளுக்கு சம்மன் வந்தது. முதல் தடவை போனபோது ஜட்ஜ் லீவு. இரண்டாம் தடவை வக்கீல்கள் கோர்ட்டுக்கு வரவில்லை. மூன்றாம் தடவை ராஜேஷின் வக்கீல் வீட்டில் கல்யாணம். நான்காம் தடவை கேஸ் கட்டு எந்த அறையில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஐந்தாம் தடவை பழைய ஜட்ஜ் மாற்றலாகிப் போய் புது ஜட்ஜ் வரவில்லை. ஆறாம் தடவை காலை பத்து மணியில் இருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வராந்தாவில் உட்கார வைத்து, நேரமில்லை என்று வாய்தா போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் நடவு போனது. நாம் போகாவிட்டால் வாரண்ட். அவர்கள் வராவிட்டால் வாய்தா. இது என்ன நியாயம் என்று, வாசலில் பேர் கூப்பிடும் டவாலியைப் பிடித்துக் கேட்டாள். அந்த மனுஷன் பாவம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழாம் தடவைக்கு முதல் நாள் கல்பனாவின் வக்கீல் ரோஸ்லின் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டாள். அன்று நடந்ததைக் கேட்டாள். கலியம்மாள் ஒளிக்காமல் சொன்னாள்: மொபெட், சீட்டு, வாய்க்கால், எல்லாம். ரோஸ்லின் பேனாவை மூடி வைத்தாள்.

"உயிலுக்கு ரெண்டு சாட்சி வேணும்மா. அவர் ரேகை வெச்சத நீங்க பாத்திருக்கணும். நீங்க கையெழுத்து போட்டத அவர் பாத்திருக்கணும். அது இல்லன்னா உயில் நிக்காது."

"அவரு சொன்னதுதான எழுதிக் கீது? ஒரு எழுத்து மாறலியே."

"மாறல. ஆனா நிக்காது."

"அப்ப பொய் சொல்லுன்றியா?"

"நான் எதையும் சொல்லிக் குடுக்கலம்மா. சட்டம் என்ன கேக்குதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

கலியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகச் சொன்னால் திட்டியாவது தீர்த்திருப்பாள். இவள் கையில் அழுக்கே படாமல் நகர்ந்துகொள்கிறாள். அன்று ராத்திரி பாயில் படுத்துக் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் செத்தவன் பேச்சு பொய்யாகிவிடும், அந்தப் பெண் ஹோமுக்குப் போவாள். பொய்யைச் சொன்னால் செத்தவன் பேச்சு நிற்கும். எவன் இப்படி ஒரு சட்டத்தை எழுதினான், அவன் எந்தக் கழனியில் இறங்கியிருக்கிறான் என்று கேட்க அவளுக்கு அங்கே ஆள் இல்லை.

ஏழாம் தடவை கேஸ் எடுத்தார்கள். அவளுக்கு முன்னால் ராஜேஷ் கூண்டில் ஏறி, அப்பா உயிலைப் பற்றித் தன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று முகம் மாறாமல் சத்தியம் செய்தான். அதைக் கேட்ட நிமிஷத்தில்தான் கலியம்மாள் முடிவு செய்தாள். அதுவரைக்கும் பாதி மனசு உண்மைப் பக்கம்தான் இருந்தது.

அவள் ஏறினாள். சத்தியம் எடுத்தாள். "சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் ஜட்ஜம்மா. பிறந்ததில் இருந்து அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது.

ராஜேஷின் வக்கீல் எழுந்தார். "சாமிநாதன் ரேகை வெச்சத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தன்."

"எங்க?"

"அவரு வூட்ல. கட்டில்ல."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"பொண்ணு கட்டில் ஓரமா ஒக்காந்துனு இருந்திச்சி."

சாயங்காலம் பார்த்ததை எல்லாம் அவள் காலைக்கு நகர்த்தினாள். கட்டில் உண்மை, பெண் உண்மை, ஜன்னல் பக்கம் மாட்டியிருந்ததாக அவள் சேர்த்துச் சொன்ன பச்சைத் துண்டும் உண்மை. நேரம் மட்டும்தான் பொய். வக்கீல் உயிலைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க கையெழுத்துக்குப் பக்கத்துல இது என்ன கறை?"

"சேறு."

"வீட்டுக்குள்ள சேறு எங்க இருந்து வந்துச்சு?"

"நடவுல இருந்து ஓடியாந்தன். கைய சரியா கழுவல."

வக்கீல் கடைசிக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டார். "ஆம்பளைங்க இடது கை ரேகை வெக்கறதுதான வழக்கம். அவர் எந்தக் கை வெச்சாரு?"

"வலது கை. இடது கைதான் வுழுந்து போச்சே, அத்த எப்படித் தூக்குவாரு?" என்றாள். பிறகு, கேட்காமலே, "பெருவிரல்ல மை. அந்தப் பொண்ணு பாவாடையால தொடச்சிச்சி" என்றாள். அது மட்டும் அவள் நிஜமாகவே கண்ணால் பார்த்தது. சொல்லும்போது குரல் உடைந்தது. ஜட்ஜம்மா நிமிர்ந்து பார்த்தார். டைப் அடிக்கும் பெண்ணும் ஒரு நிமிஷம் நிறுத்தினாள்.

வெளியே வந்ததும் கல்பனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கலியம்மாள் உதறினாள். "வுடு. புண்ணியம் பண்ணிட்டு வர்றவ மாரி கையப் புடிக்காத." எழுதியவன் என்ற முறையில் சாட்சி சொல்ல வந்திருந்த புகழேந்தி வேப்பமரத்தடியில் நின்று, "அசத்திட்டக்கா" என்று சிரித்தான். அவ்வளவுதான். கோர்ட்டு வாசல் என்றும் பார்க்கவில்லை, வக்கீல்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"பத்து நிமிஷம்டா. அன்னிக்கு என்ன ஒரு கொரல் கூப்ட்டிருந்தா பத்து நிமிஷம். வந்து நின்னு பாத்துட்டுப் போட்டிருப்பன். உபகாரம் பண்ண வந்துட்டான். உன் உபகாரத்துல நான் சாமி மேல பொய் சத்தியம் பண்ணிட்டு நிக்கறன்."

"மெதுவாக்கா, யாராச்சும் கேக்கப் போறாங்க."

"கேக்கட்டும். இத்தயாவது நெஜமா பேசறனே."

ரோஸ்லின் ஓடி வந்து கலியம்மாளையும் கல்பனாவையும் ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்காவிட்டால் கேஸ் அன்றைக்கே வாசலில் தோற்றிருக்கும். பாகூர் போய்ச் சேரும் வரைக்கும் கலியம்மாள் யாரையாவது திட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் செத்துப்போன சாமிநாதனையும் விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. உயில் செல்லும். ராஜேஷின் கார்டியன் மனு தள்ளுபடி. மகாலட்சுமி அதே வீட்டில் இருப்பாள், கல்பனா பார்த்துக்கொள்வாள், வருஷத்துக்கு ஒருமுறை கோர்ட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கல்பனா தீர்ப்பு நகலையும் ஒரு டப்பா மைசூர்பாக்கையும் எடுத்துக்கொண்டு நடவு நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டாள். கூடவே மகாலட்சுமி. செட்டுப் பெண்கள் கரையேறிச் சுற்றி நின்றார்கள். கலியம்மாளுக்கு நெஞ்சு லேசானது. அந்தப் பெண் வாயெல்லாம் மைசூர்பாக்கு ஒட்டத் தின்பதைப் பார்த்து, பொய்யோ மெய்யோ, இதற்குத்தான் என்று நினைத்தாள்.

"உன்னப் பத்தியும் எழுதிக் கீறாங்கக்கா" என்று கல்பனா பக்கத்தைப் புரட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இரண்டாம் சாட்சி கலியம்மாள் படிப்பறிவு குறைந்த கூலித் தொழிலாளி. அவரது சாட்சியம் இயல்பானது, ஒளிவுமறைவற்றது. அவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல என்று இந்த நீதிமன்றம் கருதுகிறது."

பெண்கள் கைதட்டினார்கள். கலியம்மாள் சேற்றில் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நட ஆரம்பித்தாள்.

வீடு தங்கியது, நிலம் தங்கியது, அந்தப் பெண் அவள் இடத்திலேயே இருக்கிறாள். தீர்ப்பில் இருந்த அத்தனையும் கலியம்மாளுக்குச் சம்மதம்தான். அந்த ஒரு வரிக்காக மட்டும் அந்த ஜட்ஜம்மாவை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.