குறை சொல்ல ஓர் ஆள்

என் மனுசன் செத்து நாலு மாதம். நான் நோர்வேயில், ஹொல்ம்லியா வீட்டில் தனிய இருப்பது மகளுக்குப் பயமாம். இன்று லோறென்ஸ்கூக்கில் வயது போனவர்களுக்கென்று கட்டிய வீடுகளைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பான்ரை ஒரு வருச ஆட்டத்திவசம் முடியட்டும், பிறகு பாப்பம்" என்றேன்.

"சும்மா பாருங்கோ அம்மா. ஒருத்தரும் உங்களை அங்கை கட்டி வைக்க மாட்டினம்."

அங்கே பொது மண்டபத்தில் ஒரு நோர்வேக் கிழவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இந்த மேசை ஒட்டுது" என்றார்.

இருபது வருடம் இப்படியான இடத்தில் துப்புரவு வேலை செய்த கை. என்னைக் கேட்காமலே பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துத் துடைத்துவிட்டது.

மகளுக்கு முகம் சிவந்தது. "அவ இஞ்சை வேலை செய்யிற ஆள் இல்லை, வீடு பாக்க வந்தவ" என்று அவருக்குச் சொன்னாள்.

கிழவர் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்த மூலை இன்னும் ஒட்டுது" என்றார்.

"உமக்கும் கை இருக்குத்தானே, துடையும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே துடைத்தார்.

நாலு மாதமாக எல்லோரும் என்னோடு நோயாளியோடு கதைப்பது போல மெதுவாகக் கதைக்கிறார்கள். உப்புக் கூடின கறியைக் கூட நல்லாயிருக்கு என்று சாப்பிடுகிறார்கள். என்னில் குறை பிடித்த ஒரே ஆள் மாலையோடு சுவரில் தொங்குகிறார்.

அந்த வீட்டுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். எனக்குப் பால்கனி பிடித்துவிட்டது என்று மகள் நினைக்கிறாள்.

சண்டை பிடிக்க ஆள் இருக்கிறது என்று வீடு மாறுவது பிழையா? சொல்லுங்கள்.

மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒருவரும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.