இரண்டடி உயர்ந்த கல்

திட்ட அலுவலகத்தில் குமிழி சார் என்று கேட்டால்தான் வாட்ச்மேனுக்கே ஆள் தெரியும். முக்காலியில் நிறுத்தி மட்டம் பார்க்கும் கருவியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக்குமிழி. அது நடுவில் நின்றால் கருவி சமமாக நிற்கிறது. முப்பத்தோரு வருடமாக அதையே பார்த்துப் பார்த்து அவருக்கு இடது கண் கொஞ்சம் சுருங்கிவிட்டது. வீட்டிலும் விடமாட்டார். மேசையில் வைத்த டீயைப் பார்த்து, "இந்த மேசை வாசப்பக்கம் சரியுது" என்பார்.

"டீ ஆறிப்போகுது. அது உங்க குமிழிக்குத் தெரியாதா?" என்பார் மனைவி.

அவருடைய கடைசிப் பெரிய வேலை, ஆற்றங்கரையில் இரண்டு முறை வெள்ளத்தில் வீடிழந்த நூற்று நாற்பது குடும்பங்களுக்கான புது ஊர். சரிவான பொட்டல் நிலம். மழைத்தண்ணீர் மோட்டார் இல்லாமல், தெருவோரக் கால்வாய்களில் தானாகவே இறங்கிக் கீழ்க்கோடிக் குளத்தில் சேர வேண்டும். அங்கிருந்து தோட்டங்களுக்கு. திட்ட அறிக்கையில் 'நீடித்து நிலைக்கும்' என்ற சொல் நாற்பது இடத்தில் வந்தது. தண்ணீர் இறங்குவதற்கான சரிவுக் கணக்கு ஒரே ஒரு பக்கம், அதுவும் பின்னிணைப்பில். அந்தப் பக்கம்தான் குமிழி சாருடையது.

கடைசி வரிசையில் மூன்றாவது வீடு அவருடைய தங்கைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதுவரை அவள் குடும்பம் ஒரு பள்ளிக்கூட ஹாலில், பெட்ஷீட் கட்டிய தடுப்புக்குள் இருந்தது. வாரம் தவறாமல் போன் வரும். "அண்ணே, நீ அந்த முக்காலியைத் தூக்கிட்டு இன்னும் எத்தனை நாள் சுத்தப் போற? இங்க பக்கத்துத் தடுப்புல ஒருத்தர் தும்முனா எங்க வீட்டுப் பெட்ஷீட் ஆடுது."

வேலை தொடங்கிய அன்று குமிழி சார் மனையின் முகப்பில் ஓர் அளவுக்கல் நட்டார். சிவப்புப் பெயின்ட் அடித்த கல். ஊரின் எல்லா உயரமும் அதிலிருந்துதான் அளக்கப்படும். மேஸ்திரியைக் கூப்பிட்டு விரலை ஆட்டிச் சொன்னார்: "இந்தக் கல்லு மண்ணுல மறைஞ்சுதுன்னா நான் ஒரு தாள்லயும் கையெழுத்துப் போட மாட்டேன். புரியுதா?"

மேஸ்திரிக்கு நன்றாகவே புரிந்தது.

மேல்பாதிக் கால்வாய் முடிந்தது. பிறகு கீழ்ப்பாதி, குளத்து வாய் வரை. நடுவில் பத்தடி இடைவெளியை இணைக்க வேண்டிய காலையில் மேஸ்திரி வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், தண்ணி இங்க வந்ததும் எட்டிக் குதிக்கணுமா?"

மேலிருந்து வரும் கால்வாய் கீழே இருந்தது. கீழே போக வேண்டிய கால்வாய் இரண்டடி உயரத்தில் நின்றது. மழை பெய்தால் தண்ணீர் அந்த இடத்தில் முட்டி, பக்கத்திலிருந்த கடைசி வரிசை வீடுகளுக்குள் நிதானமாக நுழையும்.

குமிழி சார் தன் குறிப்பேட்டைப் பார்த்தார். கணக்கு சரி. "என் அளவு தப்பாது. நூலை எவன் பிடிச்சான்? தூங்கிட்டே கட்டினீங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். ஒப்பந்ததாரர் மேஸ்திரியிடம், "நாளைக்கு வர வேணாம்" என்றார். மேஸ்திரி கரண்டியைக் கழுவி வைத்தார்.

தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டுமே. மனையின் ஓரத்தில் இன்னொரு கல் உண்டு, சாட்சிக்கல். தினமும் காலையில் இரண்டு கல்லையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது விதி. தான் நட்ட கல் தன்னிடமே பொய் சொல்லுமா என்று அவர் இரண்டு மாதமாக அதைச் செய்யவில்லை. இப்போது செய்தார். இரண்டடி வித்தியாசம்.

"மேஸ்திரி, இந்தக் கல்லை யாராவது தொட்டீங்களா?"

"தொடாம எப்படி சார்? முகப்புல ரெண்டடி மண்ணு கொட்டி மேடாக்கினாங்கல்ல? கல்லு மறையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நானே பத்திரமா தூக்கி மேல வச்சேன். பெயின்ட் கூடப் புதுசா அடிச்சேன்." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கீழ்ப்பாதி முழுவதும் அந்தப் புதுப் பெயின்டிலிருந்துதான் அளக்கப்பட்டிருந்தது.

மறுநாள் மேடத்தின் அறையில் கூட்டம். மேடம்தான் தலைமைப் பொறியாளர். பசுமைச் சான்றிதழ் கொடுக்கும் குழு பத்து நாளில் வருகிறது. இடிப்பது என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கவில்லை. ஜூனியர் எஞ்சினியர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"சிம்பிள் மேடம். அந்த இடத்துல ஒரு சோலார் மோட்டார். தண்ணியை ரெண்டடி தூக்கிவிடும். படத்துலயும் இன்னும் பச்சையா தெரியும்."

எல்லாருக்கும் முகம் மலர்ந்தது.

"மழை பெய்யும்போதுதானே தண்ணி வரும்?" என்றார் குமிழி சார். "அப்ப வெயில் எங்கேருந்து வரும்?"

"பேட்டரி போட்டுக்கலாம் சார்."

"பேட்டரி எத்தனை வருஷம் வரும்? அப்புறம் யாரு மாத்துவா?"

அதற்கு அறிக்கையில் பக்கம் இல்லை. மேடம் பேனாவை மூடினார். "இதோ பாருங்க. உங்க பிரமோஷன் பைல் என் மேசைலதான் இருக்கு. ரிட்டயர்மென்டுக்கு அஞ்சு மாசம். மேஸ்திரி பிழைன்னு ஒரு வரி எழுதுங்க, மோட்டாருக்கு ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

குமிழி சார் தாளை வாங்கினார். எழுத அரைமணி நேரம் ஆனது. 'கல் இடம் மாறியது. தினசரி ஒப்பீட்டை நான் செய்யவில்லை. மேஸ்திரியிடம் தவறில்லை. கீழ்ப்பாதியை இடித்துக் கட்டினாலன்றி மட்டத் தாளில் கையெழுத்திட இயலாது.' கீழே கையெழுத்து, தேதி.

மட்டம் சரி என்று அவர் கையெழுத்திட்ட அந்தத் தாள் இல்லாமல் குழு வராது. அதனால் இடித்தார்கள். குழுவின் வருகை ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. மேஸ்திரி திரும்பி வந்தார். தினமும் காலையில், "சாட்சிக்கல் பாத்தாச்சா சார்?" என்று கேட்டு, பதில் வரும்வரை கரண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். குமிழி சாருக்கு மெமோ வந்தது. பிரமோஷன் ஜூனியருக்குப் போனது. காரணம் என்ற இடத்தில் 'புதுமையான சிந்தனை' என்று எழுதியிருந்தது. குழு வந்து, மோட்டாரே இல்லாத ஊர் என்று மேடத்தின் கையைக் குலுக்கிச் சான்றிதழ் கொடுத்தது.

குடியேறிய மூன்றாம் வாரம் நல்ல மழை. குமிழி சார் குடையோடு தங்கை வீட்டுக்குப் போனார். வாசலுக்கு நாலடி கீழே கால்வாயில் தண்ணீர் சத்தமில்லாமல் குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தங்கைக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

"இந்த ஒரு கால்வாய்க்காக ஒன்றரை மாசம் அந்த ஹால்ல கிடந்தோம்ணே. கட்டி முடிச்சதை எவனோ ஒரு கிறுக்கன் இடிக்கச் சொன்னானாம். அவன் மட்டும் என் கைல கிடைக்கட்டும்."

"நான்தான் அது" என்றார் குமிழி சார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? போண்ணே. ஆபீஸ்ல நீ ஃபேன் போடச் சொன்னாலே யாரும் போட மாட்டாங்க. நீ சொல்லி இடிச்சாங்களாம்!"

சிரித்துக்கொண்டே டீ போட உள்ளே போனாள். குமிழி சார் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, காய்ந்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்.